கோபுரத்தில் விழுந்த இடி

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நிற்பவர் யாரும் அந்தக் காற்றை மறக்க மாட்டார். கிழக்குப் பார்த்த வாசல் அது. உள்ளே போகிறவர் மேற்கு நோக்கி நடக்க வேண்டும். மேற்கிலிருந்து வரும் காற்று நேராக முகத்தில் மோதும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறார்கள், விளக்கேற்ற வந்தவர்கள் தீக்குச்சியை உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறார்கள், குழந்தைகள் கையை விரித்து நிற்கிறார்கள். இந்தக் காற்றுக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுவதுண்டு. ஈசன் அடியாரை எதிர்கொண்டு அழைக்கிறான் என்பது ஒன்று. முன்னோர் காற்றியக்க விஞ்ஞானத்தை அன்றே அறிந்து இந்த வாசலை வடிவமைத்தார்கள் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் பழையது. இரண்டாவது நம் காலத்தில் பிறந்தது. வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவுவதும் அதுதான். அறிவியலும் இறைநம்பிக்கையும் ஒத்துப்போக முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தேடுபவர் இந்த இரண்டில் எது நம்பிக்கைக்கு நன்மை செய்கிறது, எது கெடுதல் செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் கெடுதல் செய்கிறது என்பது என் முடிவு.

காற்றின் கதை எளியது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. மேலே ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் இடங்களில் ஒன்று செங்கோட்டைக் கணவாய். அகலமான ஆறு குறுகிய மதகில் விரைவதுபோல, காற்று அந்த இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு வேகமெடுத்து இந்தப் பக்கம் பாய்கிறது. கூடவே வழிந்து வரும் மிச்ச ஈரம்தான் சாரல். இதே காற்றை நம்பித்தான் ஆலங்குளம், சுரண்டை வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. வழியில் உயர்ந்த மதிலும் கோபுரமும் குறுக்கே நின்றால், திறந்திருக்கும் ஒரே வாசலுக்குள் காற்று இன்னொரு முறை நெருங்கிப் புகும். மறைவான பக்கத்தில் சுழலும். சில அடி நடந்ததும் திசை மாறியதுபோல் தோன்றுவது அதனால்தான். கட்டியவர்கள் இந்தக் காற்றை அறிந்திருப்பார்கள், அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் அறியாமல் இருக்க முடியாது. அது கூர்ந்த அனுபவம். அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் சூட்ட வேண்டிய தேவையே இல்லை. கணவாயின் கதை தெரிந்த பிறகும் அந்த வாசலில் ஒருவர் கண்மூடிக் கைகூப்பலாம். கூப்புவதற்கு எந்தத் தடையையும் வானிலையியல் வைக்கவில்லை.

இன்று நம் ஊர்களில் அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் சமரசம் செய்கிறோம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றே: ஒவ்வொரு சடங்குக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணத்தைக் கொண்டுவந்து வைப்பது. அதில் மிகப் பெயர்பெற்றது கோபுரக் கலசம். கலசத்துக்குள் வரகு முதலான தானியங்களை நிரப்புவது வழக்கம். வரகுக்கு இடியைத் தாங்கும் ஆற்றல் உண்டு, அதனால் கலசம் ஊரையே காக்கும் இடிதாங்கி என்கிறார்கள். வெள்ளம் வந்து ஊர் அழிந்தால் அந்தத் தானியமே விதையாகும், 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது தானியத்தை மாற்றுவது அதனால்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். படித்தவர்களும் மேடையில் சொல்லும் செய்தி இது. கேட்கும்போது பெருமையாகவும் இருக்கிறது.

சரிபார்ப்போம். மின்னலின் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. பாயும் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். இடிதாங்கி என்ற பெயர் சொல்வதுபோல் அந்தக் கம்பி இடியைத் தாங்குவதில்லை, தனக்குள் வைத்துக்கொள்வதும் இல்லை. உச்சியில் வாங்கி, தடையில்லாத உலோகப் பட்டை வழியாகக் கீழே கொண்டுபோய் மண்ணில் இறக்கிவிடுகிறது. அதன் உயிர் உச்சியில் இல்லை, கீழே மண்ணில் புதைந்த முனையில் இருக்கிறது. மண்ணோடு இணைக்காத உலோகக் கலசம் உச்சியில் நின்றால், அதில் விழும் மின்னல் செங்கல், சுதை, உள்ளே நிலைகளைத் தாங்கும் மரம் என்று கிடைத்த வழியில் இறங்கும்; அவற்றில் ஊறிய ஈரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி விரியும்; கட்டடம் உள்ளிருந்தே பிளக்கும். கலசத்துக்குள் இருப்பது வரகா, நெல்லா, மணலா என்பது மின்னலுக்கு ஒரு பொருட்டே அல்ல. விதைக் கதையும் நிற்காது. விதை நீண்ட நாள் உயிரோடு இருக்கக் குளிர்ச்சியும் வறட்சியும் வேண்டும்; உலகின் விதை வங்கிகள் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் விதைகளைக் காக்கின்றன. கோபுர உச்சி வெயிலில் காயும் செம்பு அதற்கு நேர் எதிரான இடம்.

இதற்குத் தென்காசியைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 15-ஆம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் இது. அவன் தொடங்கிய பெரிய கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, பல தலைமுறைகளுக்கு மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இடி விழுந்து பிளந்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவருவது. தீப்பிடித்து எரிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பகை இல்லை, மின்னல் விழுந்த மரம் எரியத்தான் செய்யும். ஒன்பது நிலையோடு இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1990-ல் குடமுழுக்குக் கண்டது. கலசம் ஊரைக் காக்கும் கருவி என்றால், ஈசன் குடியிருக்கும் கோயிலின் கோபுரத்தையே அது ஏன் காக்கவில்லை என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? கலசம் நிறைவின் அடையாளம், தானியம் வளத்தின் அடையாளம், அதை உச்சியில் ஏற்றி வணங்குவது நன்றியின் அடையாளம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அடையாளத்தைக் கருவி என்று சொன்னதால்தான் அது தோற்றது.

ஐரோப்பாவும் இந்தப் பாடத்தை விலை கொடுத்தே கற்றது. புயல் நாளில் தேவாலய மணியை அடித்தால் மின்னல் விலகும் என்று அங்கே நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். ஊரிலேயே உயர்ந்த கட்டடம், உச்சியில் உலோக மணி, அதிலிருந்து தொங்கும் நனைந்த கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு மனிதன். 1784-ல் மியூனிக்கில் வெளியான ஒரு நூல், 33 ஆண்டுகளில் 386 தேவாலயக் கோபுரங்களில் மின்னல் விழுந்து, மணியடித்தவர்கள் 103 பேர் இறந்ததாகக் கணக்குக் கொடுத்தது. பெஞ்சமின் பிராங்க்ளினின் இடிதாங்கி அதற்கு முன்பே வந்துவிட்டது. கடவுளின் சினத்தைத் தடுப்பது பாவம் என்று தயங்கியவர்களும் இருந்தார்கள். வெனிஸ் நகரின் புனித மாற்கு கோபுரம் திரும்பத் திரும்ப மின்னலுக்கு இரையாகிவந்தது. 1776-ல் அதில் இடிதாங்கி பொருத்தினார்கள். அதனால் அங்கே யாரும் வழிபாட்டை விட்டுவிடவில்லை. நம் ஊரிலும் கோபுரங்களில் கலசத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பியாக இடிதாங்கி நிற்பதைப் பார்க்கலாம். கலசமும் கம்பியும் அருகருகே, ஒன்றின் வேலையை மற்றது செய்வதாகச் சொல்லாமல் நிற்கின்றன. நான் சொல்ல வரும் சமரசம் இதுதான்.

தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலம். அருவித் தண்ணீர் மூலிகைகளின் வேரை நனைத்துக்கொண்டு வருகிறது, அதனால் குளித்தால் நோய் தீரும் என்பது தமிழ்நாடு முழுக்கப் பரவிய நம்பிக்கை. காட்டின் செழுமை உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1830-களில் இங்கே தாவரங்களைச் சேகரித்துக் குற்றாலத் தாவரங்களைப் பற்றித் தனியாகவே எழுதினார். ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் அவருக்காக ஆயிரக்கணக்கில் செடிகொடிகளை வரைந்தார்கள். ஆனால் மூலிகை என்பது காய்ச்ச வேண்டியது, அரைக்க வேண்டியது, அளந்து கொடுக்க வேண்டியது. சித்த மருத்துவர் ஒரு குடிநீரை எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சச் சொல்வது எதற்கு? சும்மா வேரை நனைத்த தண்ணீரில் மருந்து இறங்காது என்பதால்தான். பாறையில் புரண்டு ஓடும் பெருவெள்ளத்தில் ஏதாவது கரைந்திருந்தாலும் அளவிட முடியாதபடி நீர்த்துப்போயிருக்கும். விழும் நீர் சிதறும்போது அருகிலுள்ள காற்று எதிர்மின்னேற்றம் பெறுகிறது என்பது 1892-ல் பிலிப் லெனார்டு ஆராய்ந்து எழுதிய உண்மை. அதை வைத்து அருவிக் காற்றே மருந்து என்று தாவுகிறவர்களிடம் அதற்குப் போதிய சான்று இல்லை.

அப்படியென்றால் காடு அருவிக்கு ஒன்றும் தரவில்லையா? தருகிறது, நாம் சொல்லிக்கொள்வதைவிடப் பெரியதைத் தருகிறது. மலைமேல் விழும் மழையை இலைச்சருகும் வேரும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மழை நின்ற பிறகும் ஐந்தருவியில் தண்ணீர் விழுவது அந்தக் காட்டின் கொடை. காடு மெலிந்தால் மழை பெய்த அன்று வெள்ளம், மறுவாரம் வறண்ட பாறை. இந்த உண்மை தெரிந்தவர் மரத்தைக் காப்பார். மூலிகைத் தண்ணீர் எல்லா அழுக்கையும் போக்கிவிடும் என்று நம்பியவர் என்ன செய்தார்? எண்ணெய் தேய்த்து, சோப்பும் ஷாம்பும் போட்டு நுரையை அருவியிலேயே விட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதிக்க வேண்டிவந்தது. தண்ணீர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று நினைப்பவருக்கு அதைக் காக்கும் எண்ணம் எப்படி வரும்? 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கீழே வானம் எப்படி இருந்தாலும், மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் அருவிக்கு வந்து சேரும். அருவியைத் தாய் என்று வணங்குபவரும் மேலே எவ்வளவு மழை என்று அளந்து சொல்லும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். மெயின் அருவிப் பாறையில் செதுக்கிய லிங்கங்களின் மேல் தண்ணீர் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவர் அதை அபிஷேகம் என்று உணரலாம். அந்த உணர்வுக்குத் தண்ணீரின் வேதியியல் ஒருநாளும் குறுக்கே வராது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். முன்னோர் மருத்துவத்தை எல்லாம் வெறும் நம்பிக்கை என்று தள்ளுகிறாயா என்று கேட்பார்கள். தள்ளவில்லை. அதைச் சோதிப்பதுதான் அதற்குக் காட்டும் மரியாதை என்கிறேன். வரப்போரம் முளைக்கும் கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது நம் வழக்கம். சென்னையில் எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸ் கண்டுபிடிப்புக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் பாட்டி வைத்தியம் உலகத் தரமான தேர்வு எழுதியது. ஒரு தாளில் நல்ல மதிப்பெண், அடுத்த தாள்களில் இல்லை. எழுதாமலே முதல் வகுப்பு என்று சொல்லிக்கொள்வதைவிட இது நேர்மையானது. உடலைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் சொல்லப்படும் எந்தக் கூற்றும், அதைச் சொன்னவர் அகத்தியரே ஆனாலும், இந்தத் தேர்வுக்கு உட்பட வேண்டும்.

அறிவியல் காரணம் சொன்னால்தானே இன்றைய பிள்ளைகள் கோயிலுக்கு வருகிறார்கள், அதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது அடுத்த கவலை. பெற்றோரின் இந்தக் கவலை உண்மையானது. நான் அதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒருநாள் இயற்பியல் படிக்கும். வரகு மின்னலைத் தாங்காது என்று அதற்குத் தெரியவரும் நாளில், கலசத்தோடு சேர்த்துக் கோயிலையும் தள்ளிவைத்துவிடும். இந்த ஆபத்தைத் தெளிவாகக் கண்டவர் ஒரு பாதிரியார். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவான ஜார்ஜ் லெமைத்ர், பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது என்று 1927-ல் கணித்தவர். பெருவெடிப்புக் கொள்கையின் தந்தை. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்தக் கொள்கை படைப்பை மெய்ப்பிக்கிறது என்ற பொருளில் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமைத்ர் கலங்கினார். போப்பின் அறிவியல் ஆலோசகரோடு பேசி, இனி இப்படிச் சொல்ல வேண்டாம் என்று எடுத்துரைத்தார். மறு ஆண்டு வானியலாளர்களிடம் பேசியபோது போப் அதைத் தொடவில்லை. தன் கணக்கு நாளை தவறாகிப்போகலாம், அப்போது அதன்மேல் சாய்ந்த நம்பிக்கையும் சரியும் என்று அந்தக் குருவுக்குத் தெரிந்திருந்தது. அறிவியலிடம் சான்றிதழ் வாங்கும் பக்தி, அறிவியல் அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெறும் நாளில் அநாதையாகும்.

எதிர்த் திசையிலிருந்து பகுத்தறிவாளர் கேட்கும் கேள்வி இதைவிடக் கடுமையானது. நம்பிக்கையால் இந்த மண்ணில் எத்தனை பேர் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள், எத்தனை நோயாளிகள் மந்திரிப்பவரிடம் காலம் கடத்தி இறந்தார்கள். அதோடு என்ன சமரசம்? பெரியார் எழுப்பிய இந்தக் கேள்விக்குக் கடன்படாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறோம். நோய்க்கு மருந்தை மறுக்கும் நம்பிக்கையோடும், மனிதனை மனிதன் ஒதுக்கும் நம்பிக்கையோடும் சமரசம் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நம்பிக்கை உள்ளவரால் அறிவியலைச் செய்ய முடியாது என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. கணித மேதை ராமானுஜன் தன் கணிதம் குலதெய்வமான நாமகிரித் தாயாரின் அருள் என்றார். 1913-ல் அவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியவற்றில் வியக்கவைக்கும் உண்மைகள் இருந்தன. பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன சில தவறாகவும் இருந்தன. இரண்டும் ஒரே மனத்திலிருந்து, ஒரே பக்தியிலிருந்து வந்தவை. எது நிற்கும், எது விழும் என்று தீர்மானித்தது நிரூபணம். ராமானுஜன் அந்தத் தீர்ப்புக்கு உட்பட்டார், தாயாரையும் விடவில்லை.

புராணத்தை என்ன செய்வது? சிவபெருமான் திருமணத்துக்கு எல்லாரும் வடக்கே கூடியதால் பூமி சாய்ந்தது, அகத்தியர் தெற்கே வந்து சமன் செய்தார், குற்றாலத்தில் திருமாலைக் குறுக்கிச் சிவலிங்கமாக்கினார் என்கிறது தலக் கதை. மேற்குத் தொடர்ச்சி மலையோ, ஒன்றாயிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தபோது உருவான விளிம்பு என்கிறது நிலவியல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, கண்டங்கள் நகர்வதைப் புராணம் அன்றே சொன்னது என்று இழுத்தால் இரண்டுமே கெடும். அந்தக் கதையை வழிவழியாகக் கேட்டவர்கள் அதில் நில அளவையைத் தேடவில்லை. தெற்கே வந்த ஒரு முனிவர் வடக்கு முழுவதற்கும் ஈடானார் என்று கேட்டுத் தெற்கத்தியான் தலைநிமிர்ந்தான். சைவமும் வைணவமும் ஒரே கருவறையைப் பகிர்ந்த கதையாகவும் கேட்டான். தென்காசி என்ற பெயரே அப்படித்தான். காசிக்குப் போக முடியாதவனுக்குக் காசியைத் தெற்கே கொண்டுவந்த பெயர் அது; வரைபடத்தை வைத்து யாரும் அதைப் பொய் என்று நிறுவ முடியாது.

கோயிலைக் கட்டிய பாண்டியன் அங்கே தமிழ்ப் பாட்டாகக் கல்லில் சில விண்ணப்பங்களைப் பொறித்து வைத்தான். இது தன் செயல் இல்லை, இறைவன் செயல் என்று முழு மனதோடு நம்பியவன் அவன். அப்படி நம்பியவன், இறைவன் கோயில் என்பதால் இதற்கு எந்தக் கேடும் வராது என்று எழுதியிருக்கலாம். அவன் எழுதியது வேறு. வரக்கூடாத குறை ஏதும் இந்தக் கோயிலுக்கு வந்தால், அப்போது அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாராயிருந்தாலும், அவர்களை உலகறியப் பணிந்து வணங்குகிறேன் என்றான். கல் விரிசல் விடும், சுதை உதிரும், மரம் எரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முடிசூடிய அரசன், இன்னும் பிறக்காத கொத்தனுக்கும் தச்சனுக்கும் ஊராருக்கும் முன்கூட்டியே தலைவணங்கி வைத்திருக்கிறான். 1990 குடமுழுக்குக்கு முன் சாரம் கட்டி ஏறி அந்தக் கோபுரத்தை நிலை நிலையாக எழுப்பியவர்கள் அந்த வணக்கத்துக்கு உரியவர்கள். அவர்களுக்குப் பின் கம்பியை மண்வரை இறக்குகிறவரும் உரியவரே.